பின்னால் போகாத கார்

எங்கள் வீட்டில் எது ஆடினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நாற்காலிக் கால், குழாயின் கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள், எதுவாக இருந்தாலும் அக்கா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். "டேய், இது ஆடுது, வந்து பாரு." நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு போவேன். ஆடுகிற ஒரு பொருளைப் பிடித்து, எங்கே தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை அசையாமல் நிற்க வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சுகம் பழக்கமில்லை போலிருக்கிறது, மேடம். உங்கள் மேசையும் ஆடுகிறது, நீங்கள் காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைத்திருக்கிறீர்கள்.

நான் இப்போது உங்கள் முன்னால் வைத்திருக்கும் இந்த கியர் நாப்பும் அப்படி ஒரு ஆட்டத்தைச் சரி செய்ய வாங்கியதுதான். என் அக்கா மேல் உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் போட்டிருக்கும் வழக்கில், கவனக்குறைவாகக் காரை ஓட்டிப் பெற்ற மகளையே இடித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவள் எதையும் கவனக்குறைவாகச் செய்கிறவள் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அத்தான் இறந்தபோது அக்கா மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் நான் அவளுக்கு வாலு என்று பெயர் வைத்தேன். கல்லூரிக்குப் போன பிறகும் அந்தப் பெயர்தான். அத்தான் விட்டுப்போன காரை ஓட்ட வீட்டில் ஆள் இல்லை, எனக்கு ஓட்டத் தெரியும், மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. கொஞ்ச நாள் கூடமாட இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் பெட்டியோடு வந்தேன். வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன்.

காலையில் காரைப் போர்ட்டிகோவிலிருந்து பின்னால் எடுத்து, வாலுவைப் படிக்கிற இடத்திலும் அக்காவை வேலை செய்கிற இடத்திலும் விடுவேன். பகலில் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தரும் இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி எல்லாவற்றையும் பிரித்துச் சரி செய்வேன். மாலையில் மறுபடியும் போய் இரண்டு பேரையும் அழைத்துவருவேன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், இரண்டு பெண்களை ஏற்றி இறக்கவே பொழுது சரியாக இருக்கிறது, மூன்றாவதாக ஒருத்திக்கு எங்கே போவது என்பேன். சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், ஆனால் அதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அக்காவுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. எழுத்துப் பலகைக்கு முன்னால் ஆளை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்ல வேண்டும். பல பேர் தெரியாத எழுத்தை ஊகித்துச் சொல்வார்களாம். அக்காவுக்கு அது பிடிக்காது. "அங்க என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லுங்க, மனசுல தோணுறதைச் சொல்லாதீங்க" என்பாள். வீட்டிலும் அவள் அப்படித்தான். மருந்துப் புட்டியில் உள்ள குறிப்பு, பாலுறையில் உள்ள தேதி என்று எதையும் படித்துப் பார்த்துவிட்டு அதன்படி நடப்பாள். எழுதியிருப்பது தப்பாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

"எவ்வளவு நாளைக்குத்தான் உன்னையே பிழிஞ்சு எடுக்கிறது? நானே ஓட்டக் கத்துக்கிட்டா உனக்கு விடுதலைடா. இனிமேலாவது உன் வாழ்க்கையைப் பாரு."

"மாடி ரூம் எனக்கு" என்றாள் வாலு. "மாமா, இப்பவே துண்டு போட்டுட்டேன். அப்புறம் சண்டை போடக் கூடாது."

இரண்டு பேருமே அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வாலு என் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினாள். நானும் சிரித்துக்கொண்டே, நல்லதுதானே என்று சொன்னேன்.

கற்றுக்கொள்ள மாட்டாள் என்று நம்பியிருந்தேன். அக்கா மளமளவென்று கற்றுக்கொண்டாள். சொல்லிக்கொடுத்தவர், இந்த வயதில் இவ்வளவு நிதானமாக ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை என்று என்னிடமே புகழ்ந்தார். ஸ்கூல் காரிலேயே ஓட்டிக் காட்டி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அதன் பிறகு எங்கள் காரில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு ஒரு குறை தென்பட்டது.

கியர் கம்பியின் உச்சியில் உருண்டையாக இருப்பதுதான் நாப். கம்பியில் மரை இருக்கும், நாப்பை அதில் திருகிவைத்திருப்பார்கள். எந்த கியர் எந்தப் பக்கம் என்று அதன் தலையில் ஒரு படம் போட்டிருக்கும். எங்கள் காரில் அத்தான் கையும் என் கையும் பட்டுப் பட்டு அந்தப் படம் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. மரையும் தளர்ந்து, பிடித்தால் நாப் கைக்குள்ளேயே சுற்றும். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அக்காவால் அப்படி ஓட்ட முடியாது.

"மேல எழுத்தே இல்லையேடா, நான் எதைப் பாத்துப் போடறது? அதுவும் பம்பரம் மாதிரி சுத்துது. சரி பண்ணிக் குடேன்."

பழைய உதிரிபாகங்கள் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவி இரண்டு நாப்களை எடுத்தார். எது பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள், மற்றதைப் பிறகு கொண்டுவந்து கொடு என்றார். ஒன்று எங்கள் கார் ரகத்துக்கு உரியது, இன்னொன்று வேறு ரகத்துக்கு உரியது. முன்னால் போகிற கியர்கள் இரண்டு படத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தன. ரிவர்ஸ் மட்டும் வேறு. எங்கள் காரில் ரிவர்ஸ், வலது பக்கம் கீழே. இந்த இரண்டாவது நாப்பில் அது இடது பக்கம் மேலே, முதல் கியரை ஒட்டி இருந்தது. கார் செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக வைத்துவிட்டார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் நான் மாட்டிப் பார்த்தது சரியான நாப்பைத்தான். அதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். அது கோணலாக நின்றது. இறுக்கினால் படம் சாய்ந்தது, படத்தை நேராக வைத்தால் நாப் இறுகவில்லை. குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைக் கொஞ்சம் சுற்றினால் சரியாகிவிடும். டேப் மாடியில் இருந்தது. ஏறிப் போவதற்கு முன்னால், மற்றது எப்படி உட்காருகிறது பார்ப்போம் என்று அதை மாட்டினேன். பிடித்து வைத்த மாதிரி நேராக நின்றது. அந்த நேரத்தில் அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"அட, எவ்வளவு நேரா நிக்குது. ஸ்கூல் கார்ல இருக்கிற மாதிரியேதான் இருக்கு. இனிமே எனக்குக் குழப்பமே இல்லை." என் தோளைத் தட்டினாள். "உன் கை பட்டாத்தான்டா எதுவும் ஒழுங்கா நிக்குது."

இது வேறு காருக்கானது, இரு, மாற்றித் தருகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சரியான நாப்பைக் கருவிப்பெட்டியின் அடியில் போட்டு மூடினேன்.

மறுநாள் காலையில் அக்கா தானே காரை வெளியே எடுக்கிறேன் என்று உட்கார்ந்தாள். குனிந்து படத்தைப் பார்த்தாள். இடது பக்கம் அழுத்தி மேலே தள்ளினாள். எங்கள் காரில் அங்கே இருப்பது முதல் கியர்தான். கார் முன்னால் போய்ச் செருப்பு அலமாரியை முட்டி நின்றது. பெரிய சேதம் ஒன்றுமில்லை, ஓரத்தில் பலகை கொஞ்சம் பிளந்துகொண்டது. ஆனால் அக்கா கியர் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"ஸ்கூல் கார்ல டக்குன்னு விழுதே. இதுல ஏன்டா விழ மாட்டேங்குது?"

"நம்ம கார் பழசுக்கா. ரிவர்ஸ் ஃபர்ஸ்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். அழுத்தம் பத்தலைன்னா வழுக்கி ஃபர்ஸ்டுல விழுந்துடும். உன் மணிக்கட்டுக்கு அவ்வளவு பலம் இல்லை."

யோசித்து வைத்துச் சொல்லவில்லை, அதுவாக வாயில் வந்தது. சொல்லி முடித்ததும் எனக்கே அது உண்மை போல இருந்தது. அவளை இறங்கச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். உள்ளங்கையால் நாப்பை முழுசாக மூடி, வலது பக்கம் கீழே இழுத்து, காரை வெளியே எடுத்துக் கொடுத்தேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை, தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் நான் காரைப் பின்னால் எடுத்துக் கொடுப்பேன், அக்கா ஓட்டிக்கொண்டு போவாள். முன்னால் போவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பின்னால் எடுக்கத் தேவைப்படாத இடமாகப் பார்த்து நிறுத்துவாள். அதற்காக நாலு தெரு சுற்றி வருவாள். வாலு அவளுக்கு ஒன்வே அம்மா என்று பெயர் வைத்தாள். "ஒன்வே அம்மா, தாண்டி வந்துட்டீங்க, இனி உலகத்தைச் சுத்தித்தான் வரணும்" என்பாள். அக்காவும் சிரிப்பாள். கண்ணாடிக் கடை வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது.

சில நாள் எங்காவது மாட்டிக்கொள்வாள். முன்னால் ஒரு லாரி வந்து நின்றுவிடும், அல்லது முட்டுச் சந்தில் நுழைந்திருப்பாள். எனக்கு போன் வரும். "டேய், மாட்டிக்கிட்டேன்." நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறப்பேன். கார் ஓரமாக நின்றுகொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலரும். மேடம், அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன். அத்தான் இறந்த பிறகு, அவள் யாருக்காகவும் அப்படிக் காத்திருந்ததை நான் பார்த்ததில்லை. இரண்டு நிமிஷ வேலை. சரி செய்துவிட்டுச் சைக்கிளில் திரும்பும்போது நெஞ்சுக்குள் ஒரு முள் குத்தும். வீட்டுக்குப் போனதும் நாப்பை மாற்றிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வருவேன். வீட்டில் இறங்கியதும் வேறு ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒரு தடவை நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு கட்டடத்துக் காவலாளி காரைப் பின்னால் எடுத்துக் கொடுத்துவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்ததும் என்னைத் தேடி மாடிக்கு வந்தாள்.

"அந்த வாட்ச்மேன் வலது பக்கம் கீழ இழுத்தாருடா, கார் அழகா பின்னாடி போச்சு. மேல படம் தப்பா இருக்கும்மா, யாரு போட்டதுன்னு கேட்டாரு."

கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தபடியே பேசினேன்.

"நல்ல வேளை, அதோட விட்டாரு. பழைய வண்டியில ரிவர்ஸ் அங்கேயும் தடவிக்கிட்டு விழும். அப்படியே ரெண்டு தடவை போட்டா உள்ள பல்லு உடைஞ்சிடும். அப்புறம் காரையே கடாச வேண்டியதுதான். கண்டவங்க கையில சாவியைக் குடுக்காதேக்கா."

"அய்யய்யோ, எனக்கெங்க தெரியும்" என்றாள். பிறகு, "நான்கூட ஒரு நிமிஷம் அவர் சொல்றதுதான் சரியோன்னு நினைச்சிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்நியன் ஒருவன் உண்மையைச் சொன்னான், கூடப்பிறந்தவன் பொய் சொன்னான். அவள் கூடப்பிறந்தவனை நம்பினாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவள் மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதே வாரத்தில்தான் அவளுக்கு இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தேன். ரிவர்ஸ் விழ வேண்டுமானால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாக மிதித்துக்கொண்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும், மெதுவாக விட்டால் வழுக்கிவிடும் என்றேன். அப்படிச் செய்கிறதாக இருந்தால் அவளுக்குப் பயம் வரும், முயற்சியே செய்ய மாட்டாள் என்று நினைத்தேன். அப்படியே நடந்தது. அவள் ரிவர்ஸ் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் அந்த ஹோட்டல் வேலை வந்தது. அக்காவின் கடைக்கு வருகிற ஒருவர், வேறு ஊரில் ஹோட்டல் நடத்துகிறார். பழுது பார்க்கிற வேலைக்கு ஆள் வேண்டும், தங்க அறையும் உண்டு என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா எனக்காகப் பேசி முடித்துவிட்டு வந்தாள்.

"நாளைக்குள்ள பதில் சொல்லணும்டா. காரைப் பத்திக் கவலைப்படாதே, பின்னாடி எடுக்கிறதுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கேட்டுக்கிறேன்."

பக்கத்து வீட்டுத் தம்பி உட்கார்ந்தால் ஒரே நாளில் எல்லாம் வெளியே வந்துவிடும். இப்போதாவது நாப்பை மாற்றியிருக்கலாம். மாற்றினால் அக்கா தானே எடுத்துவிடுவாள், நான் ஹோட்டலுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு பக்கமும் இடி. எழுந்து மாடிக்குப் போனேன்.

மறுநாள் காலையில் வாலுவுக்குப் பரீட்சை. அக்கா கீழேயிருந்து, "காரை எடுத்துக் குடுடா" என்று கூப்பிட்டாள். நான் விழித்துத்தான் இருந்தேன். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டேன். நான் இல்லாவிட்டால் என்ன பாடு என்று ஒரு நாளாவது தெரியட்டும் என்று நினைத்தேன். வாலு மாடிப்படி பாதிவரைக்கும் வந்து, "மாமா, நேரமாச்சு, ப்ளீஸ்" என்றாள். கதவு தட்டுகிற தூரத்துக்கு அவள் வரவில்லை. தூங்குகிறவனை எழுப்ப மனம் வரவில்லை போலும். திரும்பி இறங்கிப் போனாள்.

"விடு, தூங்கட்டும்" என்று அக்கா சொன்னது கேட்டது. "நேத்து நான் சொன்னதுல அவனுக்கு மனசு சரியில்லை. நானே எடுக்கிறேன்."

"ஒன்வே அம்மா, இருங்க, மாமா சைக்கிள் முன்னாடி நிக்குது. அதை நகர்த்திடறேன், இல்லைன்னா அதையும் நசுக்கிடுவீங்க."

என் சைக்கிள் காருக்கு முன்னால் சுவரோரம் சாத்தியிருந்தது. அவள் அதை நகர்த்தப் போனாள். மற்றதெல்லாம் அக்கா பிறகு சொல்லித்தான் தெரியும். கார் பின்னால்தானே போகப் போகிறது என்று அக்கா அவசரத்தில் வண்டியை முடுக்கிவிட்டாள். குனிந்து படத்தைப் பார்த்தாள். இடது பக்கம் அழுத்தினாள், மேலே தள்ளினாள், ஆக்ஸிலரேட்டரை அதிகமாக மிதித்தாள், கிளட்ச்சைச் சட்டென்று விட்டாள். எல்லாவற்றையும் நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள்.

சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தாள். வாலு சுவருக்கும் காருக்கும் நடுவில் இருந்தாள். அவள் கத்தவில்லை. மாமா என்று மட்டும் சொன்னாள். நான் அக்காவை இழுத்து வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். என் கை தானாக வலது பக்கம் கீழே இழுத்தது. கார் வெண்ணெய் மாதிரி பின்னால் போனது. வாலு சரிந்து விழுந்தாள்.

ஆம்புலன்ஸில் அக்கா ஏறிக்கொண்டாள். வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று நான் நின்றுவிட்டேன். எல்லோரும் போன பிறகு கருவிப்பெட்டியைத் திறந்து சரியான நாப்பை எடுத்தேன். மாட்டினால் கோணலாக நின்றது. மாடிக்குப் போய் டேப்பை எடுத்துவந்து சுற்றினேன். சுற்று அதிகமாகிவிட்டது, பிரித்துவிட்டுக் குறைத்துச் சுற்றினேன். மறுபடியும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மறுபடியும் கழற்றினேன். அங்கே வாலுவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ரத்தம் தேவைப்படுகிறது என்று அக்கா திரும்பத் திரும்ப போன் செய்திருக்கிறாள். எனக்கும் வாலுவுக்கும் ஒரே ரத்த வகை. போன் சமையலறையில் இருந்தது, மணி அடிப்பது எனக்குக் கேட்டது. நாப் நேராக நின்ற பிறகுதான் நான் கிளம்பினேன். என் கை நடுங்கவில்லை. அதுதான் இன்றுவரைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

போய்ச் சேர்ந்தபோது ரத்தம் வேறு யாரோ கொடுத்திருந்தார்கள். ஒரு காலைக் காப்பாற்றிவிட்டார்கள், இன்னொன்றை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உங்கள் ஆள் வந்து காரைச் சோதித்தார். பிரேக் சரி, கியர் சரி, எல்லாம் சரி, ஓட்டியவர் மேல்தான் தப்பு என்று எழுதினார். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. படத்தில் என்ன இருந்ததோ அதைத்தான் பார்த்தார். அக்கா எதையும் எதிர்த்துப் பேசவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "என் கையாலதான், என் மணிக்கட்டுக்குப் பலம் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாலு தன் அம்மாவுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே அறைக்குள் இருந்துகொண்டு, "மாமா, அவங்களைத் தண்ணி வெக்கச் சொல்லுங்க" என்பாள். அக்கா, "அவளுக்கு வலி எப்படி இருக்குன்னு கேளுடா" என்பாள். நான் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்வேன். ஒரு நாள் அக்கா வெளியே வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இனிமே ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் இனி நீதான்டா." மேடம், நான் உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

தப்பு என்னுடையது. நாப்பை மாட்டியது நான். மாட்டியது தப்பு என்று தெரிந்தே விட்டுவைத்தது நான். காவலாளி சொன்னதைப் பொய்யாக்கியது நான். அன்று காலையில் விழித்துக்கொண்டே படுத்திருந்தது நான். பிறகு மாற்றிவைத்து அக்கா தலையில் எல்லாவற்றையும் கட்டியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். மனசாட்சிதான், வேறென்ன. எத்தனை நாள் ஒரு மனிதன் இதை நெஞ்சில் சுமக்க முடியும்.

காரை விற்றுவிட்டார்கள், ஆமாம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதைப் பார்க்கவே முடியவில்லை என்று வாலு சொன்னாளாம், அக்கா உடனே ஆளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் தெருவைத் தாண்டிப் போனதும் வாலு, "அம்மா" என்று கூப்பிட்டாள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அம்மாவும் மகளும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார்கள். பிறகு பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். யாரும் என்னைக் கூப்பிட்டு, அவளிடம் இதைச் சொல் என்று சொல்லவில்லை. இரண்டு பேருமாக அத்தானுடைய தங்கை ஊருக்குப் போய், அங்கே செயற்கைக் கால் வைக்கிற மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டார்கள். வேனுக்குச் சொல்லியாகிவிட்டது. வேனில் நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன். "நீ எதுக்குடா அலையணும், பாவம்" என்றாள் அக்கா. "எங்களுக்காக இவ்வளவு செஞ்சியே, அது போதும். அங்க நாங்க பாத்துக்குவோம்."

இந்த வாக்குமூலத்தை எழுதிவிட்டால் அக்காவை மறுபடியும் விசாரிக்க வேண்டியிருக்கும், வாலுவையும் விசாரிக்க வேண்டியிருக்கும், வெளியூர் போக முடியாது என்று சொல்கிறீர்கள். அது தெரியும். அதை நினைத்து நான் வரவில்லை. ஆனால் பயணம் தள்ளிப்போவதும் ஒரு வகையில் நல்லதுதான், வாலுவுக்கு இன்னும் புண் முழுசாக ஆறவில்லை.

நீங்கள் கூப்பிட்டுச் சொன்னால் அக்கா வருவாள். காறித் துப்புவாள், அடித்தாலும் அடிப்பாள். துப்பட்டும், அடிக்கட்டும், ஆனால் வருவாள். வாலுவைத் தனியாக விட முடியாது, அவளையும் சக்கர நாற்காலியோடு கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். அவளை நாற்காலியிலிருந்து தூக்கி வண்டியில் உட்கார வைக்க அக்காவுக்கு ஒண்டியாக வராது, அது எனக்குத்தான் பழக்கம். உங்கள் வண்டி வாசலில் சும்மாதானே நிற்கிறது, மேடம். சாவியைக் கொடுத்தால் நானே போய் இரண்டு பேரையும் பத்திரமாக அழைத்துவந்துவிடுவேன்.